இழுப்பதும் தாங்குவதும்

சங்கீத வித்வான்களை ஒப்பிட்டுப் பேசுவதில் நம்மவர்களுக்கு உள்ள உற்சாகம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒருவருக்குக் குரல், இன்னொருவருக்கு ஞானம், மூன்றாமவருக்கு லயம் என்று பிரித்து வைத்துக்கொண்டு விடிய விடிய வாதாடுவோம். முடிவில் அவரவர் எந்தக் கட்சியோடு வந்தாரோ அந்தக் கட்சியோடேயே வீடு திரும்புவார். அமெரிக்கர்களுக்கு இப்படி வாதாடுவதற்குப் பிக்கப் டிரக் என்று ஒரு வண்டி இருக்கிறது. முன்னால் ஐந்து பேர் சௌகரியமாக உட்காரும் அறை; பின்னால் திறந்த சரக்குப் பெட்டி; அதற்கும் பின்னால் படகோ, குதிரைக் கொட்டகையோ, ஒரு வீடோ மாட்டி இழுப்பதற்கு ஒரு கொக்கி. இதில் ஃபோர்டு கட்சி, ஷெவர்லே கட்சி, ராம் கட்சி, டொயோட்டா கட்சி என்று நான்கு கட்சிகள். தாத்தா ஃபோர்டு ஓட்டினார் என்ற ஒரே காரணத்துக்காகப் பேரனும் ஃபோர்டு வாங்குகிற குடும்பங்கள் அங்கே ஏராளம்.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். கொலராடோ மாகாணத்து டென்வர் நகரில் என் தங்கை மகன் குடியிருக்கிறான். மனைவி, இரண்டு குழந்தைகள். அவன் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தபோது, அவனுக்கு இப்படிப்பட்ட வண்டி ஒன்று வாங்கும் யோகம் வந்தது. படுக்கை, அடுப்படி, குளியலறை எல்லாம் உள்ளேயே அமைந்த டிரெய்லர் வீடு ஒன்றை மாட்டிக்கொண்டு, விடுமுறை நாட்களில் மலைப் பக்கம் போய் வர வேண்டும் என்பது அவன் ஆசை. நான்கு கம்பெனிகளின் விளம்பரப் புத்தகங்களையும் என் மடியில் கொண்டுவந்து போட்டான்.

"மாமா, மனுஷங்க சொல்றதுல எது நெஜம், எது ஜம்பம்னு பிரிச்சு எழுதறதுதானே உங்க தொழில்? இந்த நாலு பேர்ல யார் நெஜம் பேசறாங்கன்னு பார்த்துச் சொல்லுங்க" என்றான்.

எனக்கு மோட்டார் சாஸ்திரம் தெரியாது. ஆனால் அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. நாவல் எழுதுகிறவன், ஒரு பாத்திரம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதை அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. அந்தப் பாத்திரத்தின் தலையில் ஒரு பாரத்தை வைத்துப் பார்ப்பான். அதே முறையில் இந்த நான்கு வண்டிகளையும் படித்துப் பார்ப்பதென்று முடிவு செய்தேன்.

இந்த வண்டி ஜாதியின் பூர்வ கதை மிகவும் எளியது. 1925-ல் ஃபோர்டு கம்பெனி தன் டி மாடல் காரின் பின்புறத்தில் ஒரு சரக்குப் பெட்டியைப் பொருத்தி விற்றது. விலை 281 டாலர். எஞ்சினின் பலம் 20 குதிரைச் சக்தி. குடியானவன் தானிய மூட்டையையும் பால் பாத்திரத்தையும் சந்தைக்குக் கொண்டுபோக அது போதும். இந்த வகை வண்டிகள் அரை டன் பாரம் தாங்கும் என்ற கணக்கில் 'அரை டன் வண்டி' என்ற பெயர் வந்தது. பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வண்டிதான் வளர்ந்துவிட்டது. இன்றைய அரை டன் வண்டிக்கு 400 குதிரைச் சக்தி சர்வ சாதாரணம். தோல் மெத்தையும் கண்ணாடிக் கூரையும் சேர்த்துக் கேட்டால் விலை 60 ஆயிரம் டாலரைச் சுலபமாகத் தாண்டுகிறது.

இவ்வளவு பெரிய சந்தையில் நான்கே கட்சிகள் ஏன் என்று விசாரித்தேன். அதற்குக் காரணம் கோழி! ஐரோப்பியர்கள் அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு அதிக வரி போட, அதற்குப் பதிலடியாக அமெரிக்கா 1964 முதல் வெளிநாட்டிலிருந்து வரும் சிறு டிரக்குகளுக்கு நூற்றுக்கு 25 வரி விதித்தது. கோழிச் சண்டை மறந்துபோயிற்று, வரி நிலைத்துவிட்டது. வெளியிலிருந்து டிரக் கொண்டுவந்து விற்பது கட்டுப்படியாகாத காரியமாயிற்று. டொயோட்டாவும் தன் டன்ட்ராவை டெக்ஸாஸில் சான் அன்டோனியோ நகரிலேயே கட்டுகிறது.

இனி பலத்துக்கு வருவோம். நான் பார்த்தவை 2025-ம் ஆண்டு மாதிரிகள். ஃபோர்டு எஃப்-150-ல் பல எஞ்சின்கள் உண்டு. பாரம் இழுப்பவர்கள் பெரும்பாலும் விரும்புவது 3.5 லிட்டர் கொள்ளளவும் ஆறு சிலிண்டரும் கொண்ட எஞ்சின். டர்போ என்னும் காற்றூதிகள் இரண்டு அதற்கு மூச்சுக் கொடுக்கின்றன. 400 குதிரைச் சக்தி. சக்கரத்தைத் திருகும் முறுக்கு விசை 500 பவுண்டு-அடி. ஷெவர்லே சில்வராடோவில் பழைய சம்பிரதாயப்படி எட்டு சிலிண்டர் எஞ்சின்கள் உண்டு. பெரியது 6.2 லிட்டர், 420 குதிரைச் சக்தி. அதோடு 3 லிட்டர் டீசல் ஒன்றும் வைத்திருக்கிறார்கள். அதற்குக் குதிரைச் சக்தி 305 தான். முறுக்கு விசையோ 495. நிதானமாகப் பேசி வேலையை முடிக்கும் ஆசாமி அது. டொயோட்டா டன்ட்ராவில் இரண்டு டர்போக்களும் ஆறு சிலிண்டரும் உள்ள எஞ்சினோடு மின் மோட்டாரும் சேர்ந்துகொண்டால் 437 குதிரைச் சக்தியும் 583 பவுண்டு-அடி முறுக்கு விசையும் கிடைக்கின்றன.

ராம் 1500-ன் கதை ருசிகரமானது. ஹெமி என்று பெயர் பெற்ற எட்டு சிலிண்டர் எஞ்சின் அதில் வெகு காலம் இருந்தது. 395 குதிரைச் சக்தி. 2025-ல் அதை எடுத்துவிட்டு, 420 குதிரைச் சக்தியுள்ள ஆறு சிலிண்டர் டர்போ எஞ்சினை வைத்தார்கள். பலம் கூடியது, ஆனால் பழைய எஞ்சினின் உறுமல் போய்விட்டது. வாடிக்கையாளர்கள் மனம் உடைந்துபோனார்கள். 2026-ம் ஆண்டு மாதிரியில் ஹெமியைத் திரும்பக் கொண்டுவந்தது கம்பெனி. பலம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, குரல் வேண்டும் என்று கேட்கிற ரசிகர்களை நாம் நன்றாகப் புரிந்துகொள்ள முடியும்.

ஆனால் டென்வரில் இருப்பவன் குரலை மட்டும் பார்த்து வாங்க முடியாது. அந்த நகரமே கடல் மட்டத்துக்கு 5,280 அடி உயரத்தில் இருக்கிறது. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் தன் பலத்தில் சுமார் நூற்றுக்கு மூன்று பங்கை இழக்கிறது. டென்வருக்கு மேற்கே ஐசன்ஹோவர் சுரங்கச் சாலை 11,000 அடிக்கு மேல் இருக்கிறது. அங்கே போய்ச் சேரும்போது 420 குதிரைகளில் ஏறத்தாழ 140 குதிரைகள் மூச்சு வாங்கி வழியிலேயே நின்றுவிட்டிருக்கும். டர்போ உள்ள எஞ்சின் மெலிந்த காற்றையும் அமுக்கி உள்ளே தள்ளுவதால் அவ்வளவு களைப்பதில்லை. சமவெளியில் இருப்பவனுக்கு எட்டு சிலிண்டரும் மலையில் இருப்பவனுக்கு டர்போவும் என்று என் மருமகனுக்கு முதல் தீர்ப்பைச் சொன்னேன்.

அடுத்தது இழுப்பு. இங்கேதான் ஜம்பம் உச்சத்தில் இருக்கிறது. சரியான உறுப்புகளைக் கேட்டு வாங்கினால் எஃப்-150 அதிகபட்சம் 13,500 பவுண்டு இழுக்குமாம். சில்வராடோ 13,300. டன்ட்ரா 12,000. ராம் 11,500-க்குச் சற்று மேல். இரண்டே கால் பவுண்டைச் சற்றேறக்குறைய ஒரு கிலோ என்று வைத்துக்கொண்டால், எல்லாமே ஐந்து டன்னுக்கு மேல்.

இந்த எண்களுக்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கும்போது 2012-ல் நடந்த ஒரு வேடிக்கை நினைவுக்கு வருகிறது. எண்டவர் என்னும் விண்வெளி ஓடத்தை லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்து வீதிகள் வழியாக அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். வழியில் நெடுஞ்சாலைக்கு மேலே ஒரு பாலம். ஓடத்தைச் சுமந்து வந்த கனமான பொறி வண்டிகளையும் சேர்த்து அந்தப் பாலம் தாங்காது. ஆகவே இலேசான ஒரு சக்கரப் பலகைக்கு ஓடத்தை மாற்றி, சாதாரண டன்ட்ரா ஒன்றைக் கட்டி இழுத்தார்கள். ஏறத்தாழ 3 லட்சம் பவுண்டு எடையை, 10,000 பவுண்டு அளவுக்கே உறுதி சொல்லப்பட்ட வண்டி இழுத்துக்கொண்டு பாலத்தைக் கடந்தது!

அப்படியானால் கம்பெனி அடக்கமாகச் சொல்லியிருந்ததா? இல்லை. சமதரையில் உருளுகிற பாரத்தை மெள்ள நகர்த்துவதற்கு அதன் எடையில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு விசையே போதும். கோயில் தேரை ஊர் கூடி இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமல்ல. தேர் இழுப்பதில் உள்ள ஆபத்தும் அவர்களுக்குத் தெரியும். வடம் பிடிப்பவர்களைவிடச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவருக்குத்தான் பொறுப்பு அதிகம். வண்டியின் உண்மையான சோதனை ஏற்றத்திலும் வெயிலிலும், எல்லாவற்றுக்கும் மேலாக இறக்கத்திலும்தான்.

முன்காலத்தில் ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தோன்றிய முறையில் சோதித்து, தனக்குப் பிடித்த எண்ணை அச்சடித்தது. கடைசியில் எஸ்.ஏ.ஈ. என்னும் பொறியாளர் சங்கம் ஜே-2807 என்று ஒரு பொது விதி வகுத்தது. அரிஸோனாவில் டேவிஸ் அணைக்கட்டிலிருந்து புறப்பட்டு 11.4 மைல் தூரத்துக்கு, சுமார் 3,000 அடி உயரம் ஏறும் சாலை ஒன்று இருக்கிறது. சொன்ன பாரத்தை மாட்டிக்கொண்டு, கொளுத்தும் வெயிலில், குளிர்சாதனத்தையும் முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு, மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் வண்டி அதில் ஏற வேண்டும். பாரத்தோடு இத்தனை வினாடியில் இத்தனை வேகம் எட்ட வேண்டும், இத்தனை தூரத்தில் நிற்க வேண்டும் என்றும் நிபந்தனைகள் உண்டு.

கட்டாயச் சட்டமல்ல; இஷ்டமிருந்தால் பின்பற்றலாம். 2011-ம் ஆண்டு மாதிரியிலேயே டொயோட்டா பின்பற்றியது. பலன் என்ன? அதன் எண் முன்பு சொல்லிக்கொண்டிருந்ததைவிடக் குறைந்தது. பக்கத்துக் கடைகளிலோ பழைய பெரிய எண்களே தொங்கிக்கொண்டிருந்தன. மற்ற மூன்று அரை டன் வண்டிகளும் 2015-ம் ஆண்டு மாதிரிகளையொட்டித்தான் இந்த விதிக்குள் வந்தன. தராசைத் திருத்திக்கொண்ட கடைக்காரன் அடுத்த கடைக்காரனும் திருத்திக்கொள்ளும்வரை காத்திருந்த அந்தச் சில வருஷங்களை, ஒரு வண்டியின் குணத்துக்குச் சாட்சியாக நான் ஏற்றுக்கொள்வேன். இன்று எல்லாரும் ஒரே தராசில் நிற்கிறார்கள் என்பது வாங்குகிறவனுக்கு ஆறுதல்.

இந்த விதியிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சோதனை வண்டியில் ஓட்டுகிறவர் ஒருவர், பக்கத்தில் ஒருவர். ஆளுக்கு 150 பவுண்டு. குழந்தைகள் கிடையாது. குழந்தைகளின் சைக்கிள் கிடையாது. பெட்டி படுக்கை கிடையாது.

நம் நாட்டு மாட்டு வண்டிக்காரருக்கு இந்த விஷயத்தை விளக்க வேண்டியதே இல்லை. இரட்டைச் சக்கர வண்டியில் பாரம் ஏற்றும்போது அவர் முன்பாரம், பின்பாரம் பார்த்துத்தான் ஏற்றுவார். முன்பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அமுக்கும். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி தூக்கிக்கொண்டு மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். டிரெய்லரும் அப்படித்தான். அதன் மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்குவரை, டிரக்கின் பின்னால் உள்ள கொக்கியின் மேல் உட்கார வேண்டும். குறைந்தால் டிரெய்லர் பாம்புபோல் நெளிய ஆரம்பிக்கும். நெளிவு முற்றினால் டிரக்கையும் சேர்த்துச் சாய்த்துவிடும். ஆகவே இழுக்கிற வண்டி சுமக்கவும் செய்கிறது. எவ்வளவு சுமக்கலாம் என்பது விளம்பரப் புத்தகத்தில் பெரிய எழுத்தில் இருக்காது. ஓட்டுகிறவரின் கதவைத் திறந்தால், கதவு நிலையில் ஒட்டியிருக்கும் சிறு சீட்டில் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று அந்தக் குறிப்பிட்ட வண்டிக்கென்றே எழுதியிருப்பார்கள்.

வண்டிக் கடைக்குப் போனபோது நான் கதவு கதவாகத் திறந்து அந்தச் சீட்டுகளைத்தான் படித்தேன். விற்பனைக்காரர் என்னை விநோதமாகப் பார்த்தார். ஒரே கம்பெனி, ஒரே எஞ்சின், ஒரே நீளம். ஆனாலும் எண்கள் வேறு வேறு. எளிய வண்டிக்கு எண் அதிகம். கண்ணாடிக் கூரையும் மின் படிகளும் பெரிய சக்கரங்களும் உள்ள உயர்ந்த விலை வண்டிக்கு எண் குறைவு. அலங்காரத்தின் எடையெல்லாம் தாங்கும் திறனிலிருந்தே கழிகிறது. அதிகப் பணம் கொடுத்தால் குறைவாகச் சுமக்கும் வண்டி கிடைக்கிறது!

அன்று இரவு மருமகனின் மனைவி ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் ஆசைப்பட்ட டிரெய்லர் 8,000 பவுண்டு. நூற்றுக்கு 13 பங்கு என்றால் கொக்கியின் மேல் 1,040. அவன் கண் வைத்திருந்த அலங்கார வண்டியின் சீட்டில் 1,500. மீதி 460. அவன் 170, அவள் 130, பெரியவன் 90, சின்னவள் 70. கூட்டினால் சரியாக 460.

"பாருங்க மாமா, கணக்கு முடிஞ்சுபோச்சு. இன்னும் ஒரு தலையணை ஏத்தலை. கொக்கிக்கே நூறு பவுண்டு எடையாம்" என்றாள் அவள்.

"பதிமூவாயிரம் இழுக்கும்னு போட்டிருக்கானே!" என்றான் அவன்.

"இழுக்கும். நம்மளை விட்டுட்டு இழுக்கும்" என்றாள்.

அவன் இதற்குப் பிறகும் சமாதானம் அடையவில்லை. எல்லாரும் இப்படித்தான் போகிறார்கள், கம்பெனிக்காரர்கள் கொஞ்சம் குறைத்தே எழுதுவார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தார். வெகு காலம் குதிரை வளர்த்தவர். மலைக்கு அப்பால் ஒரு குதிரையைக் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது அவருக்கு. "வருகிறீர்களா?" என்று எங்கள் இருவரையும் அழைத்தார். இருபது வருஷத்துப் பழைய டிரக், பின்னால் குதிரை டிரெய்லர்.

ஏறும்போது பேசிக்கொண்டே வந்தார். சுரங்கத்தைத் தாண்டி மறுபக்கம் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். அங்கே நூறு அடிக்கு ஏழு அடி வீதம் சாலை மைல் கணக்கில் சரிந்துகொண்டே போகிறது. பிரேக் பழுதான லாரிகள் ஒதுங்கி ஏறி நிற்பதற்காக, சரளைக்கல் கொட்டிய ஏற்றப் பாதைகளைச் சாலையோரத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள். இறக்கம் ஆரம்பிப்பதற்கு முன்பே கியரைக் குறைத்து, எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும்படி செய்துகொண்டார். பிரேக்கை அழுத்தியபடியே இறங்கவில்லை. வேகம் கூடும்போது ஒரு முறை அழுத்தமாக மிதிப்பார், உடனே விட்டுவிடுவார். கைக்கெட்டும் இடத்தில் டிரெய்லரின் பிரேக்குக்கென்று தனியாக ஒரு சிறு பிடி. டிரெய்லர் நெளிந்தால் அதைத்தான் முதலில் அழுத்த வேண்டும், டிரக்கின் பிரேக்கை அல்ல என்றார்.

பாதி இறக்கத்தில் சாலையோரமாக ஒரு புது டிரக் நின்றது. பின்னால் நீளமான டிரெய்லர் வீடு. சக்கரங்களிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. காய்ந்த பிரேக்கின் நாற்றம் எங்கள் வண்டிக்குள்ளும் வந்தது. தகப்பன் சக்கரத்தருகே குனிந்து நின்றான். கொஞ்சம் தள்ளி, தடுப்புக் கம்பிக்கு அப்பால், ஒரு பெண் குழந்தை தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றது. பெரியவர் வண்டியை ஓரமாக நிறுத்தி, இறங்கிப் போய் ஏதோ சொல்லிவிட்டு வந்தார். "ஒரு மணி நேரம் ஆறட்டும் என்று சொன்னேன். நல்லவேளை, நின்றுவிட்டது" என்றார். என் மருமகன் அதற்குப் பிறகு ஊர் திரும்பும்வரை வாய் திறக்கவில்லை.

இனித் தரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. கட்சிக்காரர்கள் இதில்தான் அதிகம் கோபித்துக்கொள்கிறார்கள். தரம் என்பது பெயரோடு பிறந்து வருவதில்லை. உறுதிக்குப் பெயர்போன டொயோட்டா, எஞ்சின் கடைசலின்போது உள்ளே தங்கிவிட்ட உலோகத் துணுக்குகளால் 2024-ல் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. டன்ட்ராவும் அதில் அடக்கம். ஜெனரல் மோட்டார்ஸ் 2025-ல் அந்த 6.2 லிட்டர் எஞ்சினின் உள்ளுறுப்புக் குறைக்காக அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 6 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அதற்காக அவற்றைத் தள்ளிவிட வேண்டியதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு நல்ல குணமும் உண்டு. ஃபோர்டு 2015-ல் இரும்புத் தகட்டை விட்டு அலுமினிய உடலுக்கு மாறியது. எடை குறைந்தது, துருவும் பிடிக்காது. ராம் 2009-ல் பின்சக்கரங்களுக்குப் பட்டை வில்லுக்குப் பதில் சுருள்வில் வைத்தது. சவாரி சுகம் என்றால் அதுதான். பெயரைக் கேட்பதைவிட, எந்த வருஷத்து வண்டி, எந்த எஞ்சின், அது எத்தனை காலமாக உழைத்துப் பெயர் வாங்கியிருக்கிறது என்று கேட்பது புத்திசாலித்தனம். புது எஞ்சின் வந்த முதல் வருஷத்தில் அவசரப்படாமல் இருப்பது அதைவிடப் புத்திசாலித்தனம்.

என் அபிப்பிராயம் இவ்வளவுதான். பலத்தில் நான்கும் ஒன்றுக்கொன்று சளைத்தவையல்ல. ஒரு குடும்பத்துக்குத் தேவையானதைவிட எல்லாவற்றிலும் அதிகமாகவே இருக்கிறது. இழுப்பில் உள்ள வித்தியாசம் விளம்பரத்தில் தெரிகிற அளவுக்குச் சாலையில் தெரியாது. ஆனால் எவ்வளவு தாங்கும் என்பது வண்டிக்கு வண்டி மாறுகிறது. அதைக் கதவைத் திறந்து பார்த்தவனுக்கே தெரியும்.

என் மருமகன் கடைசியில் கண்ணாடிக் கூரை இல்லாத, துணி மெத்தை போட்ட டர்போ வண்டி ஒன்றை வாங்கினான். கதவுச் சீட்டில் 1,800 என்று இருந்தது. எந்தக் கட்சி என்று நான் இங்கே எழுதினால் மற்ற மூன்று கட்சிக்காரர்களுக்கும் பதில் எழுதி மாளாது. டிரெய்லரை 5,000 பவுண்டுக்குக் குறைத்துக்கொண்டார்கள். கொக்கிக்கு 650, ஆட்களுக்கு 460, கொக்கி உறுப்புகளுக்கு 100 போக இன்னும் 590 பவுண்டு மீதி இருந்தது. சைக்கிள், ஐஸ் பெட்டி, அரிசி மூட்டை எல்லாவற்றையும் எடை போட்டுத்தான் ஏற்றினார்கள். சின்னவளுக்குத் தன் கரடி பொம்மையையும் எடை போட வேண்டும் என்று ஆசை. ஒன்றே கால் பவுண்டு என்று தாயார் அதையும் கணக்கில் எழுதிக்கொண்டாள்.